பண்ணைக் கூலிக் குடும்பத்திலிருந்து தொழில்நுட்பத் தலைமை வரை: லத்தீனோ பொறியாளர்களின் பாதையை நம் முதல் பட்டதாரிகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: வடசென்னைப் பட்டறை

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்யும் இளம் பொறியாளர்களுக்காக ஒரு சனிக்கிழமை 2 மணி நேர அமர்வு ஏற்பாடாகியிருக்கிறது. வருபவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பெற்றோர் திருவண்ணாமலை, விழுப்புரம், ராமநாதபுரம் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்குமாகச் சென்னை வந்து சேர்ந்தவர்கள். பிள்ளைகள் இப்போது 3 முதல் 6 வருட அனுபவத்தோடு வாகன உதிரிபாக டிசைன், டெஸ்டிங், எம்பெடட் வேலைகளில் இருக்கிறார்கள். வேலை கிடைத்துவிட்டது. அடுத்த படி எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

அமெரிக்காவில் குடியேறிய மெக்சிகோ, கொலம்பியா போன்ற லத்தீன் அமெரிக்க (லத்தீனோ) குடும்பங்களிலிருந்து வந்து பெரிய தொழில்நுட்பப் பொறுப்புகளுக்குப் போன பொறியாளர்களை முன்வைத்துப் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மையமாக, பண்ணைக் கூலிக் குடும்பத்தில் பிறந்து நாசா விண்வெளி வீரரான பொறியாளர் ஹொசே ஹெர்னாண்டஸ். எனக்கு வேண்டியது இதுதான்: ஒவ்வொரு படியிலும் அவர் என்ன வேலை செய்தார், அடுத்த படிக்கு எது கொண்டு போனது? வழக்கமாகத் தவறாகச் சொல்லப்படுவது எது? அதை நம்மூர் ஆலை, டெக் சென்டர் சூழலுக்குக் கொண்டுவந்தால் ஒரு டிசைன் இன்ஜினியர் அடுத்த 6 மாதத்தில் கையால் செய்ய வேண்டியது என்ன? தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் பற்றி என்ன சொல்வது?

"முயன்றால் முடியும்" வகைப் பேச்சு வேண்டாம். அதை அவர்கள் பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறார்கள்.

பதில் 1: மெட்டீரியல் லேப்

நல்ல தேர்வு. முதலில் ஆண்டுகளைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவருடைய கதையில் பாடம் இருப்பதே ஆண்டுகளில்தான்.

ஹெர்னாண்டஸ் 1962-ல் கலிஃபோர்னியாவின் ஃபிரெஞ்ச் கேம்ப்பில் பிறந்தார். பெற்றோர் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்து லா பியெதாத்காரர்கள். குளிர்கால மாதங்களில் மெக்சிகோ, மற்ற மாதங்களில் கலிஃபோர்னியா. தெற்கிலிருந்து வடக்காக எந்த ஊரில் எந்த விளைச்சல் பறிப்புக்கு வருகிறதோ அங்கே குடும்பமும் போகும். ஒரே ஆண்டில் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகள். அவருடைய இரண்டாம் வகுப்பு ஆசிரியை வீடு தேடி வந்து, ஒரே ஊரில் தங்குங்கள் என்று பெற்றோரிடம் வற்புறுத்திய பிறகுதான் ஸ்டாக்டனில் நிலையாகத் தங்கினார்கள். சரளமான ஆங்கிலம் வந்தபோது அவருக்கு வயது 12 ஆகியிருந்தது.

இந்த ஆசிரியை பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இன்றைக்கும் அதே சிக்கல்தான்: சூளை சீசனும் பள்ளி ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பிள்ளையின் அறிவு அங்கே தடை இல்லை. தொடர்ச்சி அறுந்துபோவதுதான் தடை.

பிறகு: 1984-ல் பசிபிக் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பட்டம். 1986-ல் சான்டா பார்பராவில் முதுநிலை. 1987-ல் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம். எல்லாரும் இங்கிருந்து நேராக விண்வெளிக்குத் தாவுவார்கள். அதுதான் தவறு. அவர் லிவர்மோரில் இருந்தது 2001 வரை. இடைப்பட்ட அந்த 14 ஆண்டுகளில்தான் அவர் பொறியாளராக உருவானார்.

எக்ஸ்ரே லேசர் தொடர்பான பாதுகாப்புத்துறைத் திட்டத்தில் தொடங்கியவர், கையிலிருந்த எக்ஸ்ரே, சிக்னல், இமேஜ் பிராசசிங் அறிவை மருத்துவத்துக்குத் திருப்பினார். மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் முழுப்புல டிஜிட்டல் மாமோகிராஃபி (மார்பக எக்ஸ்ரே) முறையை முதன்முதலில் உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அதுவரை ஃபிலிமில் எடுத்த படத்தைக் கழுவிப் பார்ப்பதுதான் வழக்கம். வெளிச்சம் கூடினாலோ குறைந்தாலோ அந்த ஃபிலிம் அவ்வளவுதான், மறுபடி எடுக்க வேண்டும். டிஜிட்டல் படத்தில் கான்ட்ராஸ்ட்டைப் பிறகு கூட்டிக் குறைத்துச் சின்னப் புள்ளிகளைத் தேடலாம். உங்கள் ஆட்களுக்கு இதை இப்படிச் சொல்லுங்கள்: துறை மாறியது, அடிப்படைத் திறமை மாறவில்லை. பவர் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் பெட்ரோல் வண்டிப் பாகத்திலிருந்து மின்வண்டிச் சார்ஜருக்குப் போவதும் இதே நகர்வுதான்.

அடுத்தது நிராகரிப்புகள். நாசா 11 முறை மறுத்தது, 12-வது விண்ணப்பத்தில் 2004-ல் தேர்வானார். இதை விடாமுயற்சியின் உதாரணமாக மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் போய்ச் சேரும். ஒரே தாளை 12 முறை அனுப்பியவர் அல்ல அவர். தேர்வானவர்களிடம் என்ன இருக்கிறது, தன்னிடம் என்ன இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களில் பலர் விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள், ஸ்கூபா டைவிங் தெரிந்தவர்கள். இரண்டையும் கற்றுச் சான்றிதழ் வாங்கினார். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ரஷ்யர்களோடு வேலை இருக்கும் என்பதால் ரஷ்ய மொழி. ரஷ்ய அணுப்பொருள் பாதுகாப்பு தொடர்பான அமெரிக்க அரசுத் திட்டத்திலும் வேலை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் விண்ணப்பத்தில் புதிதாக ஒரு வரி ஏறியது.

2001-ல் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் சேர்ந்ததும் பொருள் ஆய்வுப் பொறியாளராகத்தான், விண்வெளி வீரராக அல்ல. அங்கே மெட்டீரியல்ஸ் அண்ட் பிராசசஸ் பிரிவின் தலைவரானார். உங்கள் அமர்வுக்கு மிக முக்கியமான படி இதுதான் என்பேன். 2009 ஆகஸ்டில் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் எஸ்டிஎஸ்-128 பயணம் போனது எல்லாருக்கும் வாய்க்காது. ஒரு பொருள் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்பது உங்கள் அறையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் எட்டக்கூடியது.

அவருடைய அப்பா மூன்றாம் வகுப்பு மட்டுமே படித்தவர். மகனிடம் அவர் சொன்னதாக ஹெர்னாண்டஸ் மேடைகளில் சொல்லும் ஐந்து விஷயங்களில் இரண்டாவது: நீ போக வேண்டிய இடத்திலிருந்து இப்போது எவ்வளவு தொலைவில் இருக்கிறாய் என்று தெரிந்துகொள். அமர்வில் அதையே பயிற்சியாக வையுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி. கடைசியாக உங்கள் துறையில் லீட் ஆனவரிடம் என்ன இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது. இடைவெளியை எந்த மாதத்துக்குள், எந்த வேலையால் நிரப்புவேன். மூன்றாவது பத்தியில் "கற்றுக்கொள்வேன்" என்று எழுதினால் அடித்துவிடச் சொல்லுங்கள். "வைப்ரேஷன் டெஸ்ட் ரிப்போர்ட்டை நானே எழுதி ரிவ்யூவில் வைப்பேன்" என்பதுபோல் மற்றவர் பார்க்கக்கூடிய ஒன்று இருக்க வேண்டும்.

பதில் 2: திருவான்மியூர் வாசகி

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் லத்தீனோ என்றதும் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். அமர்வில் யாராவது தேடிப் பார்த்துக் கேட்டால் தடுமாற வேண்டியிருக்கும்.

விண்வெளி வீரர் எலன் ஓச்சோவாவைக் குடியேறியவர்களின் மகள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர்கள் அவருடைய அப்பாவைப் பெற்றவர்கள். அவர் 1958-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். சான் டியேகோவில் இயற்பியல், ஸ்டான்ஃபோர்டில் மின் பொறியியல் முதுநிலையும் 1985-ல் முனைவர் பட்டமும். ஆப்டிகல் முறையில் பொருளின் குறையைக் கண்டறிதல், உருவத்தை அடையாளம் காணுதல், படத்திலுள்ள இரைச்சலை நீக்குதல் ஆகியவற்றில் 3 காப்புரிமைகளில் கண்டுபிடிப்பாளராக அவர் பெயர் இருக்கிறது. சான்டியா ஆய்வகம், பிறகு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஓர் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை, 1990-ல் விண்வெளி வீரராகத் தேர்வு, 1993-ல் முதல் பயணம், மொத்தம் 4 பயணங்கள். பிறகு விண்பயணக் குழுச் செயல்பாடுகளின் இயக்குநர், மையத்தின் துணை இயக்குநர், 2013 முதல் 2018 வரை ஜான்சன் மையத்தின் இயக்குநர். தொழில்நுட்பத் தலைமைக்கு இவ்வளவு துல்லியமான ஏணி வேறு யாருடைய வாழ்க்கையிலும் கிடைப்பது அரிது. அமர்வுக்கு வரும் பெண்களுக்கு இவருடைய அம்மாவைப் பற்றியும் சொல்லுங்கள்: ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பாடம் எடுத்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்.

டயானா துருஹியோ தானே குடியேறியவர். கொலம்பியாவின் காலி நகரத்திலிருந்து 17 வயதில் 300 டாலரோடு மயாமி வந்து, வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலமும் பொறியியலும் படித்தார். நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் இரண்டு செவ்வாய் ஊர்திகளிலும் வேலை. பெர்சிவரன்ஸின் ரோபாட்டிக் கையில் அவருடைய குழுவுக்குப் பங்கு உண்டு. 2021 பிப்ரவரி 18 அன்று அது தரையிறங்கியபோது நாசாவின் ஸ்பானிய நேரலையைத் தொகுத்து வழங்கியவரும் அவர்தான்.

எக்டர் ரூயிஸ் இன்னொரு வகை. 1945-ல் மெக்சிகோ எல்லை ஊரான பியத்ராஸ் நெக்ராஸில் பிறந்து, உயர்நிலைப் பள்ளிக்குத் தினமும் எல்லை தாண்டி டெக்சாஸின் ஈகிள் பாஸுக்குப் போனவர். டெக்சாஸ் பல்கலையில் மின் பொறியியல், ரைஸில் முனைவர் பட்டம். டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ், பிறகு பல ஆண்டுகள் மோட்டோரோலா, 2002-ல் சிப் நிறுவனமான ஏஎம்டியின் தலைமைச் செயல் அதிகாரி. அவர் காலத்தில்தான், 2003-ல், ஏஎம்டியின் சர்வர் சிப்பான ஆப்டெரான் வந்தது. செமிகண்டக்டர் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இவரைச் சொல்லலாம். ஆனால் அவருடைய பாதை நிர்வாகத்தில் போய் முடிவது. டெக்னிக்கல் பாதையிலேயே நிற்க விரும்புபவர்களுக்கு ஓச்சோவாவும் துருஹியோவும் பொருத்தம்.

இன்னொன்றும் விட்டுப்போகக் கூடாது. இவர்கள் யாரும் தனியாக ஏறவில்லை. ஹிஸ்பானிக் பொறியாளர் சங்கம் 1974-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. தொடங்கியவர்கள் அந்த நகராட்சியில் வேலை பார்த்த பொறியாளர்கள். மூத்தவர் இளையவருக்கு வேலைவாய்ப்பையும் உதவித்தொகையையும் காட்டிக்கொடுக்கும் அமைப்பு அது. அம்பத்தூரில் நீங்கள் கூட்டும் கூட்டம் ஒரு மாலையோடு கலையாமல் இருந்தால், அதுவே பெரிய வேலை.

பதில் 3: சீல் & கனெக்டர்

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். "லீடர்ஷிப்" என்றதும் பிள்ளைகள் ஆட்களை மேய்ப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். டெக்னிக்கல் லீட் என்பவர், தெளிவில்லாத ஒரு சிக்கலை எடுத்து, எண்ணாக மாற்றி, ஒரு முடிவாக எழுதி, அந்த முடிவுக்குப் பெயர் போட்டுக்கொள்பவர். அமர்வில் ஓர் உதாரணத்தை முழுக்கச் செய்துகாட்டுங்கள். சென்னைக்கு ஏற்ற உதாரணம் இதோ.

சீல் செய்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, தூசியும் தண்ணீரும் புகாமைக்கான ஐபி67 சோதனையில் பாஸ். அதாவது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்தும் உள்ளே தண்ணீர் போகவில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வண்டிகள் திரும்பி வருகின்றன. பெட்டிக்குள் ஈரம், கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கிறது. சாதாரண இன்ஜினியரின் ரிப்போர்ட்: "சீல் ஃபெயில், சப்ளையரிடம் சொல்லவும்." சப்ளையர் சீலை அளந்து, எல்லாம் டிராயிங்படி இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார். இரண்டு மாதம் போய்விடும்.

லீட் கேட்கும் கேள்வி: ஆய்வகத்தில் போகாத தண்ணீர் வேளச்சேரியில் ஏன் போனது? ஐபி67 சோதனையில் தண்ணீரின் வெப்பநிலைக்கும் பொருளின் வெப்பநிலைக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது விதி. தெருவில் நிலைமை வேறு. இன்ஜின் பக்கத்தில் 85 டிகிரிக்குச் சூடான பெட்டி, தேங்கிய 25 டிகிரித் தண்ணீரில் இறங்குகிறது. சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி ஏற்கெனவே வெளியே கசிந்திருக்கும்; உள்ளே மீந்த காற்று இப்போது குளிர்கிறது. 358 கெல்வினிலிருந்து 298-க்கு வந்தால் அழுத்தம் 101 கிலோபாஸ்கலிலிருந்து ஏறக்குறைய 84-க்கு இறங்கும். 17 கிலோபாஸ்கல் வித்தியாசம், அதாவது 1.7 மீட்டர் தண்ணீரின் அழுத்தம். 1 மீட்டருக்குச் சோதித்த சீல்மேல் முழங்கால் தண்ணீரிலேயே 1.7 மீட்டருக்கான உறிஞ்சல் விழுகிறது. சீல் தாங்கினாலும் ஒயரின் செம்பு இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக, மறுமுனை ஈரத்தில் இருந்தால், தண்ணீர் ஊர்ந்து வரும். அதனால்தான் சீலை அளந்து பார்த்தால் குறையே தெரிவதில்லை.

இந்தக் கணக்குக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் போதும். பிள்ளைகளையே பலகையில் போடச் சொல்லுங்கள்.

அடுத்து, நிரூபிக்கும் சோதனை. மூன்று வகை, வகைக்கு 3 என 9 பெட்டிகள்: இப்போதிருக்கும் டிசைன், ஒயர்களின் மறுமுனையைப் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு அடைத்தது, காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு வென்ட் பொருத்தியது. எல்லாவற்றையும் 0.01 கிராம் தராசில் எடை போட்டு, 85 டிகிரியில் உள்ளே வரை சூடாகும் அளவுக்கு வைத்து, உடனே தண்ணீரில் இறக்கி, எடுத்துத் துடைத்து மறுபடி எடை. வாகன மின்பாகங்களுக்கான ஐஎஸ்ஓ 16750-ன் நான்காம் பகுதியில் 0 முதல் 4 டிகிரித் தண்ணீர் கொண்டு பனிநீர் அதிர்ச்சிச் சோதனையே இருக்கிறது; வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே அழுத்த வீழ்ச்சி ஏறக்குறைய 23 கிலோபாஸ்கலுக்குப் போகும்.

இங்கே என்னென்ன கெடும்? கனெக்டர் இடுக்கில் தங்கிய தண்ணீரைத் துடைக்காமல் எடை போட்டால் எல்லாப் பெட்டியும் ஃபெயில் போலத் தெரியும்; உள்ளே ஈரம் காட்டும் தாள் ஒட்டினால் சந்தேகம் தீரும். அடுப்பிலிருந்து தொட்டிக்கு நடந்து போகும் நேரத்தில் பெட்டி ஆறிவிடும். தொட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள், கடக்கும் நேரத்தையும் எழுதுங்கள். ஒயரின் மறுமுனையைத் தண்ணீருக்கு வெளியே காய்ந்த இடத்தில் தொங்கவிட்டால் அந்த வழி சோதிக்கப்படவே இல்லை, முதல் வகையும் பாஸ் ஆகிவிடும். வென்ட் போட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம்: பார்கோடு ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டுவார்கள், அடிப்பகுதிக்கு அடிக்கும் மெழுகுப் பூச்சு அதை அடைக்கும், சர்வீஸ் நிலையத்துத் தண்ணீர்த் துப்பாக்கி நேராகப் பட்டால் சவ்வு கிழியும். இடத்தையும் மறைப்புச் சுவரையும் டிராயிங்கிலேயே குறித்தாக வேண்டும்.

பிறகு குறிப்பு. 3 பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் என்ன முடிவு கேட்கிறீர்கள் என்பது: "வென்ட் சேர்க்கவும், டூலிங் (அச்சு) மாற்றத்துக்கு ஒப்புதல் தரவும்." இரண்டாவது, மேலே போட்ட கணக்கு. மூன்றாவது, சோதனை முடிவு. நான்காவது, கைவிட்ட வழிகளும் காரணமும்: பெட்டி முழுக்கப் பாட்டிங் (இறுகும் பிசின்) ஊற்றினால் எடையும் பழுதுபார்ப்பும் சிக்கல், தடித்த சீல் போட்டால் கனெக்டரைச் செருகும் விசை கூடி லைனில் கை வலிக்கும். ஐந்தாவது, யார், எப்போதுக்குள். பல குறிப்புகளில் இந்த நான்காவது பத்தியே இருக்காது. அது இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒவ்வொருவரும் "இதை யோசித்தீர்களா" என்று கேட்க, முடிவு அடுத்த மாதத்துக்குப் போகும்.

கூட்டத்துக்கு 2 நாள் முன்பே அனுப்புங்கள். டூலிங், பர்ச்சேஸ், குவாலிட்டி மூவரையும் தனித்தனியாகப் பார்த்து எதிர்ப்பை முன்னாடியே கேட்டு வாங்கி, பெயர் போட்டுக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். தன் கேள்வி ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தவர் கூட்டத்தில் உங்கள் பக்கம் நிற்பார். இப்படி 6 மாதத்தில் ஒருவரால் 2 குறிப்பு எழுத முடியும். டிஎஃப்எம்இஏ-வில் (டிசைனில் எது எப்படிக் கெடலாம் என்ற அலசல் பட்டியல்) அதற்கான வரியைத் திருத்தி, டெஸ்ட் பிளானில் புதுச் சோதனையை ஏற்றிவிட்டால் அடுத்த பிராஜெக்ட்டிலும் அது தொடரும். மற்றவர் வேலையின் தரம் உங்களால் உயர்ந்தது என்பதற்கு அதுதான் சான்று.

வடசென்னைப் பட்டறை

அண்ணா, இந்த உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அக்கா சொன்ன ஓச்சோவா திருத்தமும் காலத்தில் வந்தது.

பதிவு செய்தவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று: "வேலை நான் செய்கிறேன், வாடிக்கையாளர் முன்னால் வேறொருவர் காட்டுகிறார், என் பெயர் எங்கேயும் இல்லை." இரண்டாவது: "வீட்டில் மேனேஜர் ஆகு அல்லது வெளிநாடு போ என்கிறார்கள், டெக்னிக்கல் லைன் என்றால் புரியவில்லை."

பதில் 4: தரமணி வரைபடம்

பெயர் விஷயத்தில் சண்டை போட வேண்டாம், ஆவணத்தில் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு குறிப்பின் முதல் பக்கத்திலும் தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டம் இருக்கட்டும். பெரும்பாலான இடங்களில் டிராயிங்குக்கு இந்த வழக்கம் உண்டு, அலசல் குறிப்புக்குத்தான் இல்லை. பிரசன்டேஷனாக அனுப்பினால் அடுத்தவர் ஸ்லைடை எடுத்துத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொள்வது எளிது. எழுத்துக் குறிப்பாக, எண்ணும் திருத்த வரலாறும் போட்டுப் பொதுக் கோப்பகத்தில் ஏற்றிவிட்டால் அதையே மேற்கோள் காட்ட வேண்டிவரும். லீடிடம் கேட்க வேண்டியது: "வாடிக்கையாளர் கூட்டத்தில் அந்தச் சோதனைப் பகுதி 5 நிமிடத்தை மட்டும் நான் சொல்லட்டுமா சார்?" முழுக் கூட்டத்தையும் கேட்டால் மறுப்பார்கள். 5 நிமிடத்தை மறுப்பவர் குறைவு.

காப்புரிமைக்குப் போகும் அளவு புதுமை இருந்தால் இன்னும் கவனம் தேவை. விண்ணப்பதாரர் நிறுவனமாக இருக்கும், அது சரிதான். கண்டுபிடிப்பாளர் யார் என்பது வேறு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ன் 28-ம் பிரிவு கண்டுபிடிப்பாளரின் பெயரைக் காப்புரிமையில் குறிப்பிடக் கோரும் உரிமையைத் தருகிறது. தேதி போட்ட நோட்டும் டெஸ்ட் பதிவும் கையில் இருந்தால்தான் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியும். ஓச்சோவாவின் 3 காப்புரிமைகள் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவருக்காகப் பேசுவது, பெயர் எழுத்தில் இருப்பதால்தான்.

வீட்டுக்குப் பதில் சொல்ல எளிய வழி: மேனேஜருக்கு ஆட்களும் பட்ஜெட்டும், டெக்னிக்கல் லீடுக்கு ஒரு பொருளின் சரி தவறு. பல டெக் சென்டர்களில் இரண்டுக்கும் தனித்தனிக் கிரேடு ஏணி உண்டு. சிறிய நிறுவனங்களில் கிடையாது. சேரும் முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது: "ஆட்கள் யாரும் ரிப்போர்ட் செய்யாத பொறியாளர்களில் மிக உயர்ந்த கிரேடில் இருப்பவர் யார், என்ன வேலை செய்கிறார்?" ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியாவிட்டால், அங்கே டெக்னிக்கல் ஏணி காகிதத்தில் மட்டும்தான்.

வெளிநாடு பற்றி ஒப்பிடும்போது எச்சரிக்கை வேண்டும். ஹெர்னாண்டஸ் அங்கேயே பிறந்த குடிமகன். தேசிய ஆய்வகத்தில் அணுப்பொருள் வேலை பார்க்கவும் விண்வெளி வீரர் ஆகவும் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். இங்கிருந்து எச்-1பி வேலை விசாவில் போகிறவர்களின் நிலை வேறு: ஆண்டுக்கு 65,000 விசா, அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000, அதற்குள் குலுக்கல். கிடைத்தாலும் சாதாரணமாக 6 ஆண்டுதான் வரம்பு. அவர் பாதையில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேலை முறை மட்டும்.

பதில் 5: ஸ்ரீபெரும்புதூர் லைன்

ஆங்கிலம் பற்றி யாரும் தொடவில்லை, சொல்கிறேன்.

ரிவ்யூவில் தமிழ்வழிப் பிள்ளைகள் தடுமாறுவது இலக்கணத்தால் அல்ல. யோசித்துக்கொண்டே மொழிபெயர்ப்பதால்தான். எனவே எழுத்து முதலில், பேச்சு பிறகு. வாடிக்கையாளரின் ஸ்பெக்கிலிருந்து (பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம்) தினம் ஒரே ஒரு பிரிவை எடுத்து, அது எதைக் கேட்கிறது, எப்படி அளப்பது, எங்கள் பாகம் எங்கே நிற்கிறது என்று 5 வரி ஆங்கிலத்தில் எழுதட்டும். ஒரு மாதத்தில் அந்தத் துறைக்கு வேண்டிய சொற்கள் அனைத்தும் கைக்கு வந்துவிடும், ஏனென்றால் ஸ்பெக்கில் திரும்பத் திரும்ப வருபவை சில நூறு சொற்கள்தான். பேசும்போது எண்ணில் தொடங்கச் சொல்லுங்கள். "ஐ திங்க்" என்று தொடங்கும் வாக்கியம் நீண்டு அறுந்துபோகும். "9-ல் 3 பெட்டியில் எடை கூடியது" என்று தொடங்கினால் வாக்கியம் தானே முடிந்துவிடும், கேட்பவரும் எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார். கேள்வி புரியாவிட்டால், கேள்வியைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது நல்ல பழக்கம். மூத்த பொறியாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

தமிழை மறைக்கவும் வேண்டாம். துருஹியோவுக்கு ஸ்பானிய நேரலையைத் தந்தது அவருடைய தாய்மொழியும் பொறியியலும் சேர்ந்த இடம். கனெக்டரைச் செருகும்போது "டிக்" சத்தம் வராமலே அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்பதை ஆபரேட்டர் அலுவலக ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார். டீ நேரத்தில் தமிழில்தான் சொல்வார். மேலே சொன்ன தண்ணீர்ச் சிக்கலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். டிசைன் மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

இப்போது பல லைன்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு எழுத்தைவிடப் படம் உதவும். சரியான பொருத்தம் ஒரு படம், தவறான பொருத்தம் ஒரு படம், பக்கத்தில் ஒரே ஓர் அளவு. ஒரு பக்கத்துக்கு ஒரே விஷயம், கண் மட்டத்தில், ஸ்டேஷனிலேயே. அதைத் தயாரித்து, தவறு குறைந்ததா என்று இரண்டு வாரம் எண்ணிப் பார்ப்பது ஒரு ஜூனியர் இன்ஜினியர் எடுத்துக்கொள்ளக்கூடிய முதல் தலைமைப் பொறுப்பு.

உங்கள் பட்டியலில் டிப்ளமா முடித்த டிரெய்னிகளையும் சேருங்கள். அவர்களில் முதல் தலைமுறையினர் இன்னும் அதிகம். லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தம்பி தங்கை படிக்கிறவர்களுக்கும் இரண்டு தகவல்: முதல் பட்டதாரிக் கல்விக் கட்டணச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அண்ணன் பட்டதாரி ஆகிவிட்டால் தம்பிக்குக் கிடையாது. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தனி. அண்ணன் பட்டதாரி என்பது அதற்குத் தடையில்லை.

வடசென்னைப் பட்டறை

ரொம்ப நன்றி. முதல் 30 நிமிடம் ஹெர்னாண்டஸின் ஆண்டுகளும் லிவர்மோரும், 50 நிமிடம் பெட்டிக் கணக்கைப் பலகையில், மீதி நேரத்தில் மூன்று பத்தித் தாளை அவரவர் நிரப்புவது என்று வைத்திருக்கிறேன். நிரப்பிய தாள்களை நகலெடுத்துக்கொண்டு 3 மாதம் கழித்து அதே ஆட்களை மறுபடி கூட்டுவோம். டிப்ளமா பிள்ளைகளையும் அழைக்கிறோம். நேரம் மட்டும் சொல்லுங்கள், மாலை 4 மணி சரியா?

ஸ்ரீபெரும்புதூர் லைன்

4 வேண்டாம். காலை ஷிஃப்ட் மூன்றரைக்கு முடிகிற இடங்கள் உண்டு, கம்பெனி பஸ் பூந்தமல்லி வந்து சேரவே நேரமாகும். 5:30-க்கு வையுங்கள், 7:30-க்கு முடித்தால் அம்பத்தூரிலிருந்து ரயில் பிடிக்க முடியும். சீல், ஒயர், வென்ட் மாதிரிகளைச் சின்னப் பைகளில் வரிசைக்கு ஒன்றாகச் சுற்றில் விடுங்கள். இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்க்க 10 மடங்கு லென்ஸ் இரண்டு மூன்று எடுத்துவாருங்கள்.